மானம் யாரால் போயிற்று?

"ஒரு பெண் செய்த காரியத்தால் தமிழ்நாட்டின் மானமே போயிற்று" என்று ஒரு பேச்சு உண்டு. 2020ஆம் ஆண்டில் அதைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். இன்றும் எங்கள் வாழப்பாடியில் ஓட்டம், பந்தயம், பதக்கம் என்று யாராவது வாயெடுத்தால், கூடியிருக்கும் நாலு பேரில் ஒருவராவது அந்தப் பல்லவியை எடுக்காமல் இருப்பதில்லை. மானம் போனது வாஸ்தவம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பெண்ணால் மட்டுமே போயிற்று என்பதை ஒப்ப மாட்டேன். ஒப்பாததோடு, அப்படிச் சொல்வது வசதியான பொய் என்றும் சொல்வேன். யாருக்கு வசதி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு அருகே முடிகண்டம் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22ஆம் தேதி, கத்தார் நாட்டின் தோஹா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 30. ஓட்டக்காரர்களில் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிற வயது அது. மகளின் ஓட்டத்துக்காக உழைத்த தகப்பனார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பிறகு நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாலைகள் விழுந்தன. கட்சிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு இலட்சக் கணக்கில் பரிசு அறிவித்தன. சினிமா நடிகர்கள் கொடுத்தார்கள். ஓடும்போது அவர் அணிந்திருந்த காலணிகள் இரண்டும் இரு விதமாக இருந்தன என்பதைக்கூட ஊரார் விடவில்லை; அந்தக் காலணிகளை வைத்தே ஒரு வறுமைக் காவியம் பாடி முடித்தார்கள்.

ஒரு மாதம் ஆவதற்குள் பாட்டு நின்றுவிட்டது. மார்ச் மாதத்தில் பாட்டியாலாவில் பெடரேஷன் கோப்பைப் போட்டி நடந்தபோது அவரிடம் எடுத்த சிறுநீரில் நாண்ட்ரலோன் என்ற ஊக்க மருந்தின் தடயம் இருந்ததென்று செய்தி வந்தது. 2020 ஜூன் மாதத்தில் தீர்ப்பும் வெளியாயிற்று. 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை நான்கு ஆண்டுத் தடை. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் ஓடிப் பெற்றதெல்லாம் ரத்து. தோஹாத் தங்கமும் போயிற்று. இரண்டாவதாக ஓடிவந்த சீனப் பெண் வாங் சுன்யூவுக்கு அது சேர்ந்தது. தடை செய்யப்பட்ட மருந்து எதையும் தாம் உட்கொண்டதில்லை என்பது கோமதி சொன்னது. விசாரித்தவர்கள் அதை ஏற்கவில்லை.

தீர்ப்பைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு அந்த உடம்புக்குரியவரே பொறுப்பு என்பது விளையாட்டு உலகின் விதி. எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்று விளக்க வேண்டிய சுமையும் அவர் தலையிலேயே விழுகிறது. கடுமையான விதிதான். ஆனால் அந்தக் கடுமை இல்லாவிட்டால் மருந்து தின்றவர்கள் எல்லாரும் "எனக்கொன்றும் தெரியாது" என்று கைகழுவிவிடுவார்கள். ஆகையால் விதி இருக்கட்டும், தண்டனையும் இருக்கட்டும். என் வழக்கு வேறு. அந்தத் தண்டனைக் காகிதத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்த ஒன்றோடு கணக்கை முடித்துக்கொண்டார்களே, அதுதான் என் வழக்கு.

நாண்ட்ரலோன் ஆகாயத்திலிருந்து பொழிவதில்லை. அது தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு வகை மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லும் பட்டியலில் இருப்பது. அப்படிப்பட்ட ஒரு பொருள் நாட்டின் ஓட்டக்காரர்கள் உடம்பில் அடிக்கடி காணப்படுகிறதென்றால், செய்தவர், விற்றவர், எழுதிக் கொடுத்தவர், ஊசி போட்டவர், பார்த்தும் பாராமல் இருந்தவர் என்று ஒரு நீண்ட வரிசை எங்கோ இருந்தாக வேண்டும். கடைசியில் நிற்பவரை மட்டும் பிடித்துக்கொண்டு வரிசையே இல்லையென்று சாதிப்பது என்ன நியாயம்?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்துச் சேகோ ஆலைகள் என் நினைவுக்கு வருகின்றன. வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் வரை சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்பும் குச்சிக்கிழங்குக் காடும்தான். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். அந்தக் கிழங்கைத் தோல் உரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படிந்த மாவைக் குருணையாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. சேலத்தில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அதை விற்றுக் கொடுக்கிறது. பெரும் பகுதி வடக்கே போகிறது. அங்கே விரத நாட்களில் அன்னத்தைத் தள்ளியவர்கள் ஜவ்வரிசியைத்தான் உண்கிறார்கள்.

அந்த ஜவ்வரிசியில் வெண்மைக்காகச் சலவைத் தூளும் அமிலமும் கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளைச் சோதனை போடுவதும், மூட்டைகளைப் பறிமுதல் செய்வதும் எங்கள் ஜில்லாவில் பழக்கமான செய்தி. எனக்குத் தெரிந்த ஓர் ஆலைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்ணா, குச்சிக்கிழங்கு மாவு தானாவே இவ்வளவு வெள்ளையா இருக்குமா?"

"எங்கீங்க இருக்கும்? மாவு மாவு நெறத்துலதானுங்க இருக்கும். ஆனா வடக்கத்தி யாவாரிக்குப் பாலாட்டம் வேணும். கொஞ்சம் மங்கலா இருந்தா மூட்டைக்கு வெலையை எறக்கிப்போடறான். மங்கலா இருக்கறதுதானுங்க நல்ல சரக்கு. அது வித்தாத்தானுங்களே?"

"அதுக்காகக் கண்டதைக் கலக்கலாமுங்களா?"

"கலக்கக் கூடாதுங்க. கலக்கறவன் தப்புப் பண்றவன்தான். ஆனா சோதனை போட வர்றவங்க எங்க கேட்டுக்கு மட்டும்தானுங்களே வர்றாங்க? மருந்து வித்தவன் கடைக்குப் போறதில்லை. வெள்ளையா இருந்தாத்தான் வாங்குவேங்கறானே, அவனை ஒரு வார்த்தை கேக்கறதில்லை."

அவர் சொன்னதில் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் பாதி இருக்கலாம். மீதிப் பாதி உண்மை. வெண்மையைச் சுத்தம் என்று நம்பிக் கேட்பவன் ஒருவன் இருக்கிறான்; அவன் கேட்கும் வெண்மை இயற்கையில் கிடையாது; ஆகவே கலப்படம் பிறக்கிறது. விரதத்துக்கு வாங்கும் பண்டத்தில் சலவைத் தூள் விழுவதற்குக் காரணம் தொட்டியடியில் நிற்கும் ஆள் மட்டுமல்ல.

பதக்கமும் இப்படித்தான். ஆறேழு வருஷம் மண் தரையில் ஓடும் பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் என்ன உண்கிறாள், முழங்கால் வலிக்கு யாரிடம் போகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பதக்கம் வந்தால் இலட்சம், உத்தியோகம், ஊர்வலம், வராவிட்டால் பூஜ்யம். நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதாக வருவது தோல்வி என்றும், முதலாவதாக வருவது சொர்க்கம் என்றும் ஒரு சந்தையை நடத்திவிட்டு, அந்தச் சந்தைக்கு மருந்துக்காரன் வந்துவிட்டானே என்று மூக்கில் விரல் வைப்பது கபடமாகும்.

இது ஏழை நாட்டின் நோய் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இல்லை. பணம் கொழிக்கும் ஐரோப்பியச் சாலைகளில் சைக்கிள் பந்தயம் நடத்துகிறவர்களிடம் இந்த வியாதி எவ்வளவு பழையது என்று பாருங்கள். பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் பெரிய பந்தயம் ஒன்று உண்டு. மூன்று வாரம், 21 கட்டம், சுமார் 3,500 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுக் காசிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும் வழியில் ஏறக்குறைய முக்கால் தூரத்தைக் கடந்திருப்போம். அவ்வளவு தூரம், நடுவில் மலைகளையும் ஏறி. 1967 ஜூலை 13ஆம் தேதி, அந்தப் பந்தயத்தில் வான்டூ என்ற மொட்டை மலையின்மேல் டாம் சிம்ஸன் என்ற ஆங்கிலேயர் சரிந்து விழுந்து இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகச் சாம்பியனாக இருந்தவர், வயது 29. வெயில், களைப்பு, இவற்றோடு களைப்பை மறைக்கும் ஆம்ஃபெடமின் மருந்தும் அவர் உடம்பில் இருந்தது. களைப்பு என்பது "போதும், நிறுத்து" என்று உடம்பு இடும் கூச்சல். அந்தக் கூச்சலை மருந்து அடக்கிவிட்டது.

அவர் செத்ததோடு பாடம் படித்தார்களா? இல்லை. மருந்தைத்தான் மாற்றினார்கள். சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சோகைக்கென்று கண்டுபிடித்த எரித்ரோபாயிடின் என்ற மருந்தைச் சைக்கிள்காரர்கள் ஏற்றிக்கொண்டார்கள். சிவப்பணு கூடினால் பிராணவாயு கூடும், பிராணவாயு கூடினால் மலை எளிதாகும் என்பது கணக்கு. 1998ஆம் ஆண்டு, ஃபெஸ்டினா என்ற அணியின் பிடித்துவிடும் உதவியாளர் ஒருவர் மோட்டார் நிறைய மருந்தோடு சுங்கச் சாவடியில் அகப்பட்டார். அங்கேதான் ஒரு வித்தியாசம். பிரெஞ்சுப் போலீசார் சைக்கிள் ஓட்டியவர்களோடு நிற்கவில்லை. அணியின் இயக்குநரையும் பிடித்தார்கள், வைத்தியரையும் பிடித்தார்கள். 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்த இயக்குநருக்கும் உதவியாளருக்கும், நிறுத்திவைக்கப்பட்டதென்றாலும், சிறைத் தண்டனை விதித்தது.

அதற்கடுத்த ஆண்டுகளின் கதாநாயகர் அமெரிக்கரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1996இல் புற்றுநோய் கண்டு பிழைத்து, 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து அந்தப் பந்தயத்தை வென்றவர். செத்துப் பிழைத்தவன் மலையேறி வந்தான் என்று உலகமே உருகியது. சந்தேகப்பட்டு எழுதிய பத்திரிகை மேல் வழக்குப் போட்டு 2006இல் பணம் வாங்கினார். உண்மை சொன்ன பணிப்பெண்ணைத் தூற்றினார். 1999ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மருந்தைத் தொடாமல் ஓட்டி, மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் செய்த கிறிஸ்தோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு இளைஞரை ஓட்டக்காரர் கூட்டமே ஒதுக்கிவைத்தது. அவர் நடுவிலேயே பந்தயத்தை விட்டுப் போனார். "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு பெயரையாவது நினைவில் வைக்க வேண்டும். எல்லாரும் செய்யவில்லை. செய்யாதவனை இருக்கவிடவில்லை.

2012ஆம் ஆண்டு ஆம்ஸ்ட்ராங்கின் வேஷம் கலைந்தது. கலைந்த விதத்தைத்தான் நான் நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 26 பேர் சத்தியப் பிரமாணமாகச் சாட்சி சொன்னார்கள். அவர்களில் 15 பேர் சைக்கிள் வீரர்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆதாரங்கள் சேர்ந்தன. யார் கொடுத்தார், யார் ஒளித்துவைத்தார், எந்த ஓட்டலில் யார் இரத்தம் ஏற்றினார் என்பதெல்லாம் அச்சில் வந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு வெற்றிகளும் ரத்தாயின. ஆயுள் தடை விழுந்தது. அவரோடு ஃபெராரி என்ற இத்தாலிய வைத்தியருக்கும் ஆயுள் தடை. அணியின் இயக்குநர் புருய்னீலுக்கும் பின்னால் 2018இல் ஆயுள் தடை. தபால் இலாகாவின் பணத்தில் ஓட்டிய குற்றத்துக்காக ஆம்ஸ்ட்ராங் தம் அரசாங்கத்துக்கு 50 இலட்சம் டாலர் கட்டினார். ரத்தான ஏழு வருஷத்து முதலிடத்தையும் யாருக்கும் கொடுக்கவில்லை, காலியாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆம்ஸ்ட்ராங் கோடீசுவரர், தாமே ராஜா, பிறரையும் மருந்துக்கு இழுத்தவர். அவரைப் பிடித்தபோதுகூட அவரைச் சுற்றியிருந்தவர்களை விடவில்லை. முடிகண்டத்து ஓட்டக்காரருக்கு வக்கீல் பட்டாளம் கிடையாது, சொந்த வைத்தியர் கிடையாது. அவரைத் தண்டித்தபோது அவரைச் சுற்றி ஒருவர்கூட இல்லாமல் போனது எப்படி?

நம் நாட்டின் பழைய கணக்கு ஒன்றைப் புரட்டுகிறேன். 2010ஆம் ஆண்டு டில்லிக் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு ஆசியப் போட்டியிலும் வென்றார்கள். அடுத்த ஆண்டே அந்த ஓட்டக்காரிகளில் சிலர் ஸ்டீராய்டுப் பரிசோதனையில் அகப்பட்டார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் என்ற வேர்ச் சத்து மாத்திரையால் வந்த வினை என்றார்கள் அவர்கள். உக்ரேனியரான அந்தப் பயிற்சியாளரை அரசாங்கம் வேலையிலிருந்து நீக்கியது. பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை. சர்வதேச நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. சில ஆண்டுகளில் அதே பயிற்சியாளர் இந்திய முகாமுக்கே திரும்பி வந்தார். அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. எந்த மன்றமும் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. குற்றமற்றவரானால் நீக்கியது ஏன்? நீக்கத் தக்கவரானால் திரும்ப அழைத்தது ஏன்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருநாள்கூடத் தடை அனுபவிக்கவில்லை.

கோமதி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மார்ச் 18ஆம் தேதி பாட்டியாலா. ஏப்ரல் 22ஆம் தேதி தோஹா. இடையில் 35 நாள். பாட்டியாலா மாதிரியின் முடிவு முன்பே தெரிந்திருந்தால் அவரைத் தோஹாவுக்கு அனுப்பியிருக்கவே மாட்டோம் என்று தடகளச் சம்மேளனத்தின் தலைவரே சொன்னார். அதாவது, முடிவு கைக்கு வருமுன் விமானம் ஏற்றினார்கள். பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு முடிவு வந்ததும் விலகி நின்றார்கள். சோதனையின் பயனே முன்கூட்டித் தெரிந்துகொள்வதுதான். பிணத்துக்கு நாடி பார்ப்பதற்கு வைத்தியர் எதற்கு?

அந்த ஒருவரோடு முடிந்திருந்தால் விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். 2021ஆம் ஆண்டு பெடரேஷன் கோப்பையில் பி. டி. உஷாவின் பழைய போட்டிச் சாதனையை முறியடித்தவர் அதே திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த எஸ். தனலட்சுமி. மறு ஆண்டே அவரும் பரிசோதனையில் அகப்பட்டு மூன்றாண்டுத் தடை பெற்றார். 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததாக உலக ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய நாலு. அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இந்த விகிதத்தில் நமக்குத்தான் முதலிடம். இதற்கு மாலை போட ஒருவரையும் காணோம்.

அதே 2023 செப்டம்பரில் டில்லி ராஜ்யத் தடகளப் போட்டி நடந்தது. மைதானத்துக் கழிப்பறையில் ஊசிகள் சிதறிக் கிடக்கும் படம் ஊரெல்லாம் பரவியது. பரிசோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஓட்டக்காரர்கள் மாயமானார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓட நின்றவர் ஒரே ஒருவர். ஒரு மைதானம் நிறைய ஊசி கிடந்தால் அது இரண்டொரு தனி மனிதர்களின் சபலமாகுமா? எறும்புப் புற்றைக் கண்ட பிறகும் ஓர் எறும்பை நசுக்கிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம்.

என் கட்சிக்கு ஆட்சேபங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் ஆட்சேபம்: "முப்பது வயதானவர் குழந்தையா? தம் உடம்பில் போவது தமக்குத் தெரிய வேண்டாமா?" வேண்டும். ஆகவேதான் தண்டனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உடம்புக்குரியவருக்கு நூறு பங்கு பொறுப்பு என்பதால் மற்றவர்களுக்குப் பூஜ்யம் என்றாகிவிடாது. பொறுப்பு என்பது பாகப் பிரிவினைச் சொத்தன்று, ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லாமல் போவதற்கு.

இரண்டாவது, கருணைக் கட்சி. "பாவம், ஏழைப் பெண், விட்டுவிடக் கூடாதா?" இந்தக் கருணையை நான் வெறுக்கிறேன். தோஹாவில் இரண்டாவதாக ஓடிவந்த பெண்ணும் ஒரு தாய் பெற்ற மகள்தான். தேசிய கீதம் ஒலிக்க முதல் படியில் நிற்கும் பாக்கியம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்துத் தபாலில் வரும் தங்கம் தங்கமாகுமா? ஏழை என்பதற்காக விதியைத் தளர்த்தினால், மருந்து தொடாத ஏழையின் வாயில்தான் மண் விழும். எனக்கு வேண்டியது மன்னிப்பன்று, முழு விசாரணை.

மூன்றாவது கட்சி மேதாவிகளுடையது. "எல்லாரும் தின்னட்டும் என்று விட்டுவிட்டால் சண்டையே இல்லை" என்கிறார்கள். அவர்களுக்கு நான் விவாதத்தால் பதில் சொல்லப் போவதில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, இரண்டு மாடு. மகள் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயங்களில் முதலாவதாக வருகிறவள், வயது பதினாறு. சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் ஆடிவிட்டுத் திரும்பியபோது 2021இல் அவரைச் சாரட்டில் வைத்து ஊர்வலம் விட்டதை இந்த ஜில்லாவில் பார்க்காதவர் இல்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் பாராலிம்பிக் உயரத் தாண்டலில் தங்கம் வாங்கியதைக் கேளாதவரும் இல்லை. நம் பிள்ளைக்கும் அப்படியொரு நாள் வராதா என்று எந்தத் தகப்பனுக்குத்தான் தோன்றாது?

"ஏனுங்க, புள்ளையப் பழக்கறவர் ஒரு டப்பாப் பவுடர் வாங்கியாரச் சொல்றாருங்க. அதோட வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா ஸ்டேட் லெவலுக்குப் போயிடலாமுன்னு சொல்றாரு. போடலாமுங்களா?" என்று கேட்டார்.

"என்ன ஊசின்னு சொன்னாருங்களா?"

"தெம்பு ஊசின்னாருங்க."

வேண்டாம் என்றேன். ஊசியால் ஒரு பெண் பிள்ளைக்குக் குரல் கட்டும், முகத்தில் மயிர் முளைக்கும், மாத முறை தப்பும், ஈரல் கெடும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். எழுத்தில்லாத டப்பாவையும் பெயரில்லாத ஊசியையும் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படிப் போட்டு ஒருநாள் புடிச்சிட்டாங்கன்னா, பவுடர் வாங்கச் சொன்னாரே, அவரு பேரு வருமுங்களா?" என்றார்.

"வராதுங்க."

"எம் புள்ளை பேரு மட்டும்தான் வருமுங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதை இதுவரை படித்த நேயர்கள் அறிவீர்கள். "எல்லாரும் தின்னட்டும்" என்கிற மேதாவிகள் இந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்து அந்த ஊசியைத் தாமே போடுவார்களா? போட மாட்டார்கள். ஊசியை எப்போதும் வேறு யாரோ போடுகிறார்கள். தத்துவம் மட்டும் இவர்கள் பேசுகிறார்கள்.

2022ஆம் ஆண்டு பாராளுமன்றம் தேசிய ஊக்க மருந்துத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. விளையாட்டுக்காரர்களை மட்டுமன்றி, அவர்களுக்குத் துணையாக இருக்கும் பயிற்சியாளர், வைத்தியர் முதலானவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. இடங்களைச் சோதனையிடும் அதிகாரமும் அதில் உண்டு. ஆகவே சட்டமில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. ஒரு விளையாட்டுக்காரர் அகப்பட்டால், அன்றே அவர் பழகிய முகாமின் மருந்துப் பெட்டி திறக்கப்பட வேண்டும். பயிற்சியாளர், வைத்தியர், உணவு கொடுத்தவர், அனுப்பிவைத்த அதிகாரி அத்தனை பேரிடமும் வாக்குமூலம் வாங்கி, தண்டனை அறிவிப்போடு அதையும் வெளியிட வேண்டும். குற்றமற்றவர்கள் என்று தெரிந்தால் அதையும் சொல்லட்டும். அவர்களுக்கும் அது நல்லது. சோதனை முடிவு வராத எவரையும் விமானம் ஏற்றக் கூடாது. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் மருந்துக் கடையைப் பூட்ட, தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை; இருக்கிற சட்டமே போதும்.

சர்க்கார் செய்ய வேண்டியவை இவை. ஊர் செய்ய வேண்டியது வேறு. பதக்கம் வந்த மறுநாள் கொடுக்கிற பதினைந்து இலட்சத்தில் ஒரு பங்கை, பதக்கம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே பாலாகவும் முட்டையாகவும் செருப்பாகவும் மைதானமாகவும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அதில் படம் பிடிக்க ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவதாக ஓடிவந்த பிள்ளைக்கும் ஒரு கைதட்டு உண்டென்று தெரிந்தால், தெம்பு ஊசிக்காரனின் வியாபாரம் பாதி படுத்துவிடும். மங்கலாக இருக்கும் நல்ல சரக்கை வாங்க ஆள் இருந்தால் ஆலைக்காரர் சலவைத் தூளைத் தேட மாட்டார்.

"மானம் போயிற்று" என்று சொல்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மானம் உண்மையாகவே உங்களுக்கு வேண்டியிருந்தால், அடுத்த முறை ஒரு பதக்கம் பறிபோன செய்தி வரும்போது அந்த விளையாட்டுக்காரரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மருந்தை விற்றது யார், சீட்டு எழுதியது யார், ஊசி போட்டது யார், முடிவு வருமுன் அனுப்பிவைத்தது யார் என்று கேளுங்கள். இந்த நாலு பெயரும் தெரியும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள். பிறகு மானத்தைப் பற்றிப் பேசலாம்.